முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி:

எனக்கு 31 வயது. 2018 செப்டம்பரில் பழனியில் கோயிலில் வைத்துத் திருமணம் நடந்தது. பதிவு செய்யவில்லை. திருப்பூரில் குடித்தனம் இருந்தோம். ஒரு பெண் குழந்தை, இப்போது 6 வயது. 2022 மார்ச்சில் குழந்தையோடு திண்டுக்கல்லில் என் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கினோம். 2023 ஜூனில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, 100 ரூபாய் முத்திரைத்தாளில் ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை, ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதி, நோட்டரி முன் இருவரும் கையெழுத்துப் போட்டோம். 30 சவரனில் 22 சவரன் திரும்பி வந்தது. மீதி 8 சவரன் என் கணவர் பெயரில் வங்கியில் அடகில் இருக்கிறது. அவர் இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறார். போன வருடம் விடுமுறையில் வந்தபோது குழந்தையைப் பார்க்க எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். எனக்கு இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. அவர்கள் ‘கோர்ட் பேப்பர் இருக்கிறதா’ என்று கேட்கிறார்கள். ஊரில் எல்லோரும் ‘அத்துவிட்டாச்சு, பதிவே பண்ணாத கல்யாணத்துக்குக் கோர்ட் எதற்கு’ என்கிறார்கள். கணவரும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார். அந்தப் பத்திரம் போதாதா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போதாது. அந்தப் பத்திரத்தால் உங்கள் திருமணம் முடிவுக்கு வரவில்லை. சட்டப்படி இன்றைக்கும் நீங்கள் அவருடைய மனைவிதான். வரன் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்காக அவர்கள்மேல் வருத்தப்பட வேண்டாம். உங்களைப் பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றும் கேள்வி அது.

ஊரில் சொல்வதற்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தில் வழிவழியாக வந்த மணவிலக்கு வழக்கத்தை ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் உண்மையிலேயே இருந்தது, தொடர்ச்சியாக நடைமுறையில் இருக்கிறது என்பதை, அதைச் சொல்லுகிறவரே நீதிமன்றத்தில் குறிப்பாக எடுத்துவைத்துச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் எதிர் நிர்மலா வழக்கில் 2002-லும், நம் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில் 2005-லும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ‘எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது நிரூபணம் ஆகாது. நோட்டரி முத்திரையும் உதவாது. ‘இந்த நாளில் இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்’ என்பதற்கு மட்டுமே நோட்டரி சாட்சி. கல்யாணத்தை ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் கிடையாது. அதே பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தாலும் நிலைமை இதுதான்.

பதிவு செய்யாத கல்யாணம் என்ற வாதமும் நிற்காது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் பதிவில்லை என்பதால் முறையாக நடந்த திருமணம் செல்லாததாகிவிடாது. விவாகரத்து மனுப் போடுவதற்காக இப்போது போய்ப் பதிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நிலையில் இரண்டாவது திருமணம் செய்தால், இந்து திருமணச் சட்டத்தின் 5, 11 பிரிவுகளின்படி அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 494) 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. வழக்குப் போட யாரும் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த இரண்டாவது கணவரின் ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், வெளிநாட்டு விசா என்று எதுவந்தாலும் ‘மனைவி’ என்ற கட்டத்தில் உங்கள் பெயர் நிற்காது. அந்த வலியை வாழ்க்கையின் பாதியில் அனுபவிப்பதைவிட, இப்போது சில மாதம் பொறுப்பது எவ்வளவோ மேல்.

அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சம் 2023 ஜூன் முதல் நீங்கள் பிரிந்திருக்கிறீர்கள் என்பதற்கும், 22 சவரன் திரும்பி வந்தது, 8 சவரன் வரவேண்டியிருக்கிறது என்பதற்கும் அது நல்ல ஆவணம். மூலத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் வெளியே கொடுங்கள். இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு அவர் மனம் மாறி, நீங்கள் தனியாக வழக்குப் போட நேர்ந்தால், இதே பத்திரம் உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். ‘கைவிட்டுப் போனார்’ என்ற காரணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13(1)(ib) பிரிவில், மனுத் தாக்கல் செய்யும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டு, மற்றவரின் சம்மதமில்லாமல் விட்டுப் போயிருக்க வேண்டும். ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை’ என்று நீங்களே கையெழுத்துப் போட்ட தாள் அந்தக் காரணத்தை வெகுவாகப் பலவீனப்படுத்திவிடும். ஆகவே அவர் சம்மதமாக இருக்கும் இந்தக் காலத்தை வீணாக்காதீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது பரஸ்பர சம்மத விவாகரத்து, பேச்சுவழக்கில் ‘மியூச்சுவல்’. 1976 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு இது. நீங்கள் இருவரும் சொல்லவேண்டியவை மூன்று: ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டோம். யார்மீது தவறு என்று எழுத வேண்டியதில்லை. எழுதவும் கூடாது என்பேன். பழைய சண்டைகளை மனுவில் ஏற்றினால், கையெழுத்துப் போட வந்தவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

அவர் இரண்டு நாள் தங்கியது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. கவலை வேண்டாம். ‘பிரிந்து வாழ்தல்’ என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் அப்படிப் பிரிந்திருக்க முடியும் என்று சுரேஷ்டா தேவி எதிர் ஓம் பிரகாஷ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. குழந்தையைப் பார்க்க வந்து தங்கியது குடித்தனம் ஆகாது. ஆனால் நீதிபதி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘அவர் வீட்டுப் பக்கமே வந்ததில்லை’ என்று ஒருவரும், ‘போன வருடம் பார்த்தேன்’ என்று இன்னொருவரும் சொல்லும்போதுதான் நீதிபதிக்குச் சந்தேகம் வரும். பிரிந்த தேதியிலும் இப்படித்தான் பலர் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு அது 2022 மார்ச். பத்திரம் எழுதிய 2023 ஜூனைப் பிரிந்த தேதியாகப் போட்டுவிடாதீர்கள். மனு, இருவரின் பிரமாணப் பத்திரம், வாக்குமூலம் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கட்டும். ‘2023-இல் ஏற்கெனவே விவாகரத்து ஆகிவிட்டது’ என்ற வரி மனுவில் எங்கும் வரக்கூடாது. முடிந்துபோன திருமணத்தை மறுபடி எப்படி முடிப்பது என்ற கேள்வியை நீங்களே கிளப்பிவிடுவதாக ஆகும். ‘2023 ஜூனில் ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டோம்’ என்றால் போதும்.

எந்த ஊரில் போடுவது? 19-ஆம் பிரிவு உங்களுக்கு மூன்று வழி தருகிறது: திருமணம் நடந்த பழனி, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த திருப்பூர், மனைவியாகிய நீங்கள் இப்போது வசிக்கும் திண்டுக்கல். கடைசி வசதி 2003 திருத்தத்தில் பெண்களுக்காகவே சேர்க்கப்பட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு அலைய வேண்டியவர் நீங்கள் என்பதால் திண்டுக்கல்லையே தேர்ந்தெடுங்கள். குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தால் அங்கேயும், அது இல்லாத பகுதி என்றால் சார்பு நீதிமன்றத்திலும் மனு தாக்கலாகும்.

எடுத்துவைக்க வேண்டியவை: திருமண அழைப்பிதழ், தாலி கட்டும்போது எடுத்த புகைப்படம், கோயிலில் கொடுத்த ரசீது இருந்தால் அது, இருவரின் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திண்டுக்கல் முகவரிக்கு ஒரு சான்று, அந்த 2023 பத்திரம், காவல் நிலைய ரசீது, அவருடைய பாஸ்போர்ட், குவைத் வசிப்பு அட்டை நகல்கள். மனுவில் ஒட்ட இருவரின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களும் வேண்டும். அழைப்பிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பாருங்கள். இனிஷியல் மாறியிருப்பது, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருப்பது எல்லாம் சாதாரணம். மனுவிலேயே ‘என்கிற’ போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிட்டால், பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் தீர்ப்பைக் காட்டும்போது ‘இது வேறு ஆள்’ என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இனி, இந்தப் பதிலிலேயே நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன்: உடன்பாட்டு நிபந்தனைகள். ‘எல்லாம் பேசி முடித்துக்கொண்டோம்’ என்று ஒரே வரியில் எழுதப்படும் மனுக்கள்தான் பிறகு அழவைக்கின்றன. கோபம் ஆறி, இருவரும் விட்டால் போதும் என்று இருக்கும் நேரத்தில் துல்லியமாக எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நகை. 8 சவரன் என்றால் 64 கிராம். ரூபாய்க் கணக்கில் எழுதாமல் கிராம் கணக்கில், நகை நகையாகப் பட்டியல் போடுங்கள். பவுன் விலை ஏறிக்கொண்டே போகும்போது ரூபாயில் எழுதியவர்கள் பாதி நகையை இழக்கிறார்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, அடகுக் கணக்கு எண் என்ன, அசலும் வட்டியும் யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் மீட்பது, மீட்ட நகை எங்கே வைத்து ஒப்படைக்கப்படும் என்பது வரை எழுதுங்கள். அடகு கெடு தாண்டினால் வங்கி ஏலம் விட்டுவிடும் என்பதால், ஏலம் போனால் அதே எடைக்குத் தங்கமோ அன்றைய விலையோ அவர் தரவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் வீட்டில் போட்ட நகை உங்களுடைய ஸ்திரீதனம். அது உங்களுக்கே முழு உரிமையானது என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெஞ்சிக் கேட்க வேண்டிய பொருள் இல்லை அது. சீர்வரிசையில் போன பாத்திரம், கட்டில், பீரோ வேண்டுமானால் அதையும் பட்டியலில் சேருங்கள். வேண்டாமென்றால் ‘வேண்டாம்’ என்றே எழுதிவிடுங்கள்.

அடுத்து உங்கள் ஜீவனாம்சம். 2023 பத்திரத்தில் ‘கேட்க மாட்டேன்’ என்று எழுதியதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய அந்த வரி நீதிமன்றத்தின் கையைக் கட்டாது. ஆனால் இப்போது நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவில் ‘முழுத் தீர்வாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்று எழுதி, அது தீர்ப்பில் ஏறிவிட்டால், பிறகு மாற்றுவது மிகவும் கடினம். உங்கள் நிலைமையில் என் கருத்து: மாதாமாதம் வாங்குவதைவிட ஒரே தொகையாக வாங்குவது நல்லது. 25(3) பிரிவின்படி நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் மாத ஜீவனாம்சத்தை நிறுத்தும்படி அவர் மனுப் போட முடியும். மறுமணம் பேச்சில் இருக்கும்போது மாதத் தொகையை நம்புவது சரியில்லை. தொகையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. வரன் வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குழந்தைக்கான தொகையை இதோடு கலக்கவே கூடாது. குழந்தையின் பராமரிப்பு அவளுடைய உரிமை. தாயோ தந்தையோ அவள் சார்பில் அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் தந்தையின் கடமை மாறாது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத திருமணமாகாத மகளையும் அந்தக் கடமைக்குள் வைக்கிறது. ஆகவே தனிப் பத்தியாக எழுதுங்கள்: ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியா, பெரிய மருத்துவச் செலவு வந்தால் யார் எவ்வளவு. ஒரே தொகையாகத் தருவதென்றால் குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, 18 வயதுக்கு முன் மேற்படிப்பு, மருத்துவம் தவிர எடுக்கக் கூடாது என்று எழுதலாம். தந்தையின் சொத்தில் மகள் என்ற முறையில் அவளுக்குள்ள வாரிசுரிமை உங்கள் விவாகரத்தால் துளியும் குறையாது. ‘குழந்தைக்கு எந்த உரிமையும் இல்லை’ என்ற வரியை யாராவது நுழைத்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

குழந்தை உங்களிடம் இருக்கும் என்று மட்டும் எழுதினால் போதாது. பாஸ்போர்ட், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அறுவை சிகிச்சைச் சம்மதம், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்குத் தாயின் கையெழுத்து மட்டுமே போதும் என்று அவர் ஒப்புக்கொள்வதாக எழுதிவாங்குங்கள். குவைத்தில் இருப்பவரின் கையெழுத்துக்காகப் பள்ளி வாசலில் நிற்கும் நிலை பின்னால் வராது. அதேபோல் அவர் பார்க்கும் உரிமையையும் தாராளமாகவே எழுதுங்கள்: வாரத்தில் எந்த நாள் காணொளி அழைப்பு, விடுமுறையில் வந்தால் எத்தனை நாள், எங்கே. உங்கள் கணவரை மணவாழ்விலிருந்து விடுவிக்கிறீர்கள். அவள் அப்பாவை அவளிடமிருந்து எடுத்துவிடவில்லை. இவற்றை இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும். குழந்தை வளர வளர ஏற்பாடுகளும் மாறித்தான் ஆகவேண்டும்.

மகளிர் காவல் நிலையப் புகாரைப் பற்றி. கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) மட்டும்தானா, அதன்மேல் முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று உடனே பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வெறும் சி.எஸ்.ஆர். என்றால் ‘புகாரைத் தொடரவில்லை’ என்று நிபந்தனையில் ஒரு வரி போதும். வரதட்சணைக் கொடுமைப் பிரிவில் (முன்பு 498ஏ, இப்போது நியாய சன்ஹிதாவின் 85) வழக்குப் பதிவாகியிருந்தால், நீங்கள் ‘வாபஸ்’ என்று சொல்வதால் மட்டும் அது முடியாது. நம் மாநிலத்தில் அது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட வேண்டும். வழக்கு திண்டுக்கல் காவல் நிலையத்தில் என்றால் மதுரைக் கிளை. கணவரின் பாஸ்போர்ட் புதுப்பிப்பு, விசா இரண்டுக்கும் இது தொல்லை தரும் என்பதால் அவரும் ஒத்துழைப்பார். யார் மனுப் போடுவது, யார் எப்போது சம்மதப் பிரமாணம் தருவது என்பதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள் முடிவானதும் மீதி வேலை ஓரளவு நேர்கோட்டில் போகும். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு, ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம், வக்காலத்து ஆகியவை தாக்கலாகி எண்ணிடப்படும். முதல் வாய்தாவில் நீதிபதி அல்லது ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். சேர்த்துவைக்க முயற்சி செய்வது குடும்பநல நீதிமன்றத்தின் சட்டக் கடமை. உங்களை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்பதையும் அங்கேதான் பார்ப்பார்கள். பிறகு 6 மாதக் காத்திருப்பு. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து 6 மாதத்துக்குப் பின், 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து ‘அதே முடிவில்தான் இருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டும். திருமண ஆதாரங்கள் அப்போது குறியிடப்பட்டு, சான்றுப் பிரமாணம் பதிவாகி, தீர்ப்பு வரும்.

அந்த 6 மாதத்தை உங்கள் விஷயத்தில் தவிர்க்க வழியிருக்கிறது. அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் வழக்கில் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தக் காத்திருப்பு கட்டாயமானது இல்லை, கீழ் நீதிமன்றமே விலக்கு அளிக்கலாம் என்று சொன்னது. அது பார்க்கச் சொன்னவை: மனுப் போடும் முன்பே ஓராண்டோடு கூடுதலாக 6 மாதமும், ஆக ஒன்றரை ஆண்டு, பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும், இனியும் காத்திருப்பது வேதனையை நீட்டுவது மட்டுமே என்ற நிலை இருக்க வேண்டும். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரம் கழித்து, காரணங்களைச் சொல்லி இடைமனுப் போடலாம். நீங்கள் 2022 மார்ச்சிலிருந்து பிரிந்திருப்பதால் காலக் கணக்கில் தடையில்லை. நகை இன்னும் அடகிலேயே இருந்தால்தான் ‘எல்லாம் தீர்ந்தது’ என்பதை நீதிபதி ஏற்கத் தயங்குவார். ஆகவே மனுவுக்கு முன்பே மீட்கச் சொல்லுங்கள். மறுவாழ்வுக்கான வாய்ப்பையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்திருக்கிறது. வரன் வந்திருப்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். விலக்கு தருவது நீதிபதியின் விருப்புரிமை என்பதால், கிடைத்தே தீரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சம்மதம் தீர்ப்பு நாள் வரை நிலைக்க வேண்டும். இடையில் ஒருவர் ‘மாட்டேன்’ என்றால் மனு அத்தோடு நின்றுவிடும். வராமல் இருந்துவிட்டால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது என்று ஸ்ம்ருதி பஹாரியா வழக்கில் 2009-இல் தீர்ப்பாகியிருக்கிறது. இதனால்தான் பணத்தையும் நகையையும் கட்டம் கட்டமாகப் பிரிப்பது இருவருக்குமே பாதுகாப்பு: பாதி முதல் விசாரணை அன்று, மீதி இறுதி விசாரணை அன்று, நீதிபதி முன் டிமாண்ட் டிராஃப்டாக. ரொக்கமாக வாங்காதீர்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத்தாளிலோ கையெழுத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அவர் குவைத்தில் இருப்பது தடையாகாது. விடுமுறையில் வரும்போது மனுத் தாக்கலையும் முதல் விசாரணையையும் நேரில் முடித்து, இரண்டாவதைக் காணொளியில் வைத்துக்கொள்வதே எளிய வழி. அமர்தீப் தீர்ப்பே காணொளியையும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் மூலம் ஆஜராவதையும் அனுமதிக்கிறது. வரவே முடியாது என்றால் தன் அப்பாவுக்கோ சகோதரருக்கோ பவர் பத்திரம் கொடுக்கலாம். அது பொதுவான பவராக இருந்தால் பயன்படாது. உங்கள் பெயர், திருமண தேதி, 13பி மனு, கையெழுத்திடும் அதிகாரம் ஆகியவற்றோடு, ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் முழுவதும் அதில் இருக்க வேண்டும். குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வேண்டும். வந்த தேதிக்குச் சான்றாகக் கூரியர் உறையைப் பத்திரமாக வையுங்கள். இதை மறந்து, நீதிமன்றத்தில் பத்திரம் ஏற்கப்படாமல் மறுபடி குவைத்துக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. பவர் இருந்தாலும் நீதிபதி காணொளியில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க விரும்பலாம். பாஸ்போர்ட்டோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

கூட்டு மனு என்பதால் ஒரே வழக்கறிஞர் போதும் என்பார்கள். தாக்கலுக்குப் போதும்தான். நிபந்தனைகளை மட்டும் உங்களுக்கென்று ஒருவர் படித்துப் பார்க்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 எண்ணில் அழைக்கலாம்.

‘மீள முடியாத அளவு முறிந்துவிட்டது என்று சொன்னால் உடனே விவாகரத்து’ என்று 2023-இல் செய்தி வந்ததே என்று யாராவது சொல்லக்கூடும். அது அரசமைப்பின் 142-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். திண்டுக்கல்லில் அதைக் கேட்க முடியாது. உங்களுக்குத் தேவையும் இல்லை.

தீர்ப்பு சொல்லப்பட்ட அன்றே நகல் மனுப் போடுங்கள். தீர்ப்புரை, டிக்ரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள், குறைந்தது மூன்று செட். பலர் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு, வெளிநாட்டு விசாவுக்கு மற்றது கேட்கும்போது பழைய கட்டைத் தேடி அலைகிறார்கள். வாங்கியதும் பெயர், திருமண தேதி, வழக்கு எண்ணில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிழையிருந்தால் திருத்த மனு சிறிய வேலைதான், சீக்கிரம் போட்டால். பிறகு குடும்ப அட்டை, ஆதார், வங்கி, காப்பீடு, வைப்புநிதி நாமினி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நாமினி தானாக மாறாது.

மறுமணம் எப்போது செய்யலாம் என்றால், இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மேல்முறையீட்டு வாய்ப்பு தீர்ந்தபின் என்கிறது. இருவர் சம்மதத்தில் வரும் டிக்ரிக்கு மேல்முறையீடு கிடையாது என்று குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 19(2) சொல்வதால், எதிர்த்து நடக்கும் வழக்குகளைப் போல நீங்கள் அந்தக் காலக்கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டிய சூழல் இல்லை. வரன் வீட்டாரிடம் இன்றைய நிலையை மறைக்காமல் சொல்லி, மனு எண் வந்ததும் அதைக் காட்டுங்கள். பேச்சுவார்த்தை நடக்கட்டும். முகூர்த்த நாள் குறிப்பதையும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதையும் மட்டும், சான்றிட்ட டிக்ரி நகல் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.